இரண்டு டப்பா, ஒரு முள்: மன ஆற்றலை அளக்கும் இந்த முறை எங்கிருந்து வந்தது?

வாணி_எடிசன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

நான் நியூ ஜெர்சியில எடிசன்ல இருக்கேன். சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். போன வருஷம் ஆடி மாசம் அப்பா தவறிட்டாங்க. டிக்கெட் கிடைச்சு, ரெண்டு விமானம் மாறி நான் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. முகத்தைக்கூடப் பார்க்கல. காரியம் முடிஞ்சு திரும்பி வந்து மறுநாளே வேலைக்குப் போயிட்டேன். இதைப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசினதில்ல. நாலஞ்சு மாசமா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடும், அப்புறம் தூக்கமே கிடையாது.

ஆபீஸ்ல ஒருத்தங்க, தனக்குத் தெரிஞ்ச ஒரு பயிற்சியாளரைப் பத்திச் சொன்னாங்க. அவர் வீட்டிலேயே வச்சு நடத்துறார். எந்த அமைப்பையும் சேர்ந்தவர் இல்ல, தனியாள். "மனசுலயும் உணர்ச்சியிலயும் எவ்வளவு ஆற்றல் கட்டிக்கிட்டு நிக்குதுன்னு அளந்து, அதை விடுவிக்கிற முறை"ன்னு விளக்கினார்.

போன சனிக்கிழமை போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ரெண்டு கையிலயும் சூப் டப்பா சைஸ்ல பளபளன்னு ரெண்டு உருளை கொடுத்தார். அதுல இருந்து ஒயர் போய் அவர் பக்கம் பார்த்த மாதிரி இருந்த ஒரு பெட்டியில சேருது. பெட்டியில ஒரு முள். முதல்ல பெட்டியை என் பக்கம் திருப்பி வச்சு, என் முழங்கைகிட்ட லேசா ஒரு கிள்ளு கிள்ளினார். ரெண்டு செகண்ட்ல முள் வலது பக்கமா விழுந்தது. "இப்ப அந்தக் கிள்ளலை நினைச்சுப் பாருங்க"ன்னார். நினைச்சேன். யாரும் தொடல, ஆனா முள் மறுபடியும் விழுந்துச்சு! எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

அப்புறம் குடும்பத்தைப் பத்திக் கேட்டுக்கிட்டே வந்தார். அப்பான்னதும் நிறுத்தி, "இங்க இருக்கு, இதைச் சொல்லுங்க"ன்னார். ஒரு மணி நேரம் அழுதேன். சொல்லவே கூடாதுன்னு வச்சிருந்ததை எல்லாம் சொல்லிட்டேன். முடிவுல, "நீங்க இப்ப 0.5-ல இருக்கீங்க, அது துக்கத்தோட அளவு. பன்னிரண்டு அமர்வுல உங்களை 3.5-க்குக் கொண்டு வந்துடலாம்"னு சொன்னார். பன்னிரண்டுக்கும் சேர்த்து 2,400 டாலர்.

அன்னிக்கு ராத்திரி ஆறு மணி நேரம் ஒரே தூக்கம். மாசக்கணக்குல இல்லாத தூக்கம்.

என் வீட்டுக்காரர் "இதெல்லாம் ஏமாத்து வேலை, ஒரு பைசா கட்டாதே"ங்கிறார். ஆனா முள் விழுந்ததை நான் கண்ணால பார்த்தேன், தூங்கினதும் நான்தான். அதை எப்படி இல்லைன்னு சொல்றது? இந்த முறையை யார் ஆரம்பிச்சாங்க, எங்கிருந்து வந்துச்சு, அது அளக்குறது நிஜமாவே மனசோட ஆற்றல்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அடுத்த சனிக்கிழமைக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும்.


கதிர்77:

அக்கா, முதல்ல அப்பாவுக்கு என் அஞ்சலி.

உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. அந்தப் பெட்டிக்குப் பேரு ஈ-மீட்டர். சயின்டாலஜிங்கிற மத அமைப்பை ஆரம்பிச்ச எல். ரான் ஹப்பார்ட் கண்டுபிடிச்சது. அந்த அமைப்புல இருந்து வெளியே வந்து தனியா நடத்துறவங்களும் இருக்காங்க, இவர் அந்த வகையா இருக்கலாம். மேஜைக்கு அடியில ஏதாவது பட்டன் வச்சு முள்ளை ஆட்டியிருப்பார். பணம் கட்டிடாதீங்க, ப்ளீஸ்.


சமனச்சுற்று:

வாணி அம்மா, அப்பா முகம் பார்க்காமல் போன வருத்தம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதனால் அவசரமாகப் பதில் எழுதாமல் நேற்று முழுக்க யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

நான் திருச்சியில் 31 வருஷம் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்த்தவன். ஈ.சி.ஜி., மானிட்டர், இன்குபேட்டர், எல்லாம். ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு லேப் எடுக்கிறேன். நீங்கள் கையில் பிடித்த அந்தச் சுற்றை என் கையாலேயே பலமுறை கட்டியிருக்கிறேன்.

தம்பி கதிர், பணம் பற்றி நீங்கள் சொன்னது சரி, மற்ற இரண்டும் சரியில்லை. அந்த முள்ளை ஆட்ட மேஜைக்கு அடியில் பட்டன் எதுவும் வேண்டாம். அதைக் கண்டுபிடித்ததும் ஹப்பார்ட் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் "எல்லாம் பொய்" என்று சொன்னால், கண்ணால் பார்த்த ஒருவர் நம்மை நம்ப மாட்டார், அவரைத்தான் நம்புவார்.

முதலில் முள். பிளஸ் டூ இயற்பியலில் வீட்ஸ்டன் சமனச்சுற்று படித்திருப்பீர்கள். நான்கு கரம், நடுவில் மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் ஒரு கல்வனாமீட்டர். மூன்று கரத்தில் தெரிந்த மின்தடை, நாலாவது கரத்தில் தெரியாத மின்தடை. அந்த நாலாவது கரம்தான் நீங்கள். பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி மிகச் சிறிய மின்னோட்டத்தை ஒரு கை வழியாக அனுப்பி மறு கை வழியாக வாங்குகிறது. உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. வெயிலுக்கு வியர்ப்பதைவிட அவை மனக்கலக்கத்துக்கு வியர்ப்பது அதிகம். பயம், திடுக்கிடல், வெட்கம், துக்கம், ஏன், ஒரு கணக்கை மனதுக்குள் போட்டாலும்கூட மூளையிலிருந்து தானியங்கு நரம்பு வழியாக அந்தச் சுரப்பிகளுக்குச் செய்தி போகும். ஒன்று முதல் மூன்று விநாடிக்குள் தோலின் மின்தடை குறையும். நீங்கள் "ரெண்டு செகண்ட்ல விழுந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது அச்சு அசலாக அந்த இடைவெளிதான்.

வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இன்றே பாருங்கள். காய்ந்த எவர்சில்வர் டம்ளர் இரண்டு எடுத்து, ஒவ்வொன்றின் விளிம்பிலும் மீட்டரின் ஒரு ஒயரை கிளிப் போட்டுக் கவ்வுங்கள். மீட்டரை ஓம் அளவில், 200 கிலோ ஓம் வரை காட்டும் இடத்தில் வையுங்கள். கைக்கு ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் சும்மா உட்காருங்கள். எண் மெல்ல ஒரு நிலைக்கு வரும். இப்போது உங்கள் வீட்டுக்காரரைப் பின்னால் நின்று, சொல்லாமல் கொள்ளாமல் கை தட்டச் சொல்லுங்கள். எண் சரிவதைப் பார்ப்பீர்கள். அடுத்து ஆழமாக ஒரு மூச்சு இழுங்கள், மறுபடி சரியும். டம்ளரை இறுக்கிப் பிடியுங்கள், எல்லாவற்றையும்விட அதிகமாகச் சரியும். அது வெறும் அழுத்தம், அதில் மனசு எங்கேயும் இல்லை.

இனி வரலாறு.

1888-ல் பிரான்சில் சார்ல்ஸ் ஃபெரே என்ற மருத்துவர், உடம்பு வழியாகச் சிறு மின்னோட்டம் செலுத்தி, ஒலியோ வாசனையோ உணர்ச்சியோ தாக்கும்போது தடை குறைகிறது என்று காட்டினார். கொஞ்ச காலத்திலேயே ரஷ்யாவைச் சேர்ந்த தார்க்கனோவ், வெளி மின்சாரமே இல்லாமல் தோலிலேயே ஒரு மின்னழுத்த மாற்றம் எழுவதைப் பார்த்தார். பிறகு விஷயம் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகருக்குப் போகிறது. அங்கே நரம்பியல் மருத்துவர் ஓட்டோ வெராகுத் இதற்கு "மன மின் அனிச்சை" என்ற பொருளில் பெயர் வைத்தார். அதே ஊர் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த கார்ல் யுங் இதைக் கையில் எடுத்தார். அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் பீட்டர்சனோடு சேர்ந்து 1907-ல் கட்டுரை வெளியிட்டார்.

யுங் செய்த சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்கணும், உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நூறு சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். தலை, பச்சை, தண்ணீர், பாடு, செத்த, நீளம், கப்பல் என்று போகும். ஒவ்வொரு சொல்லையும் இவர் சொல்ல, எதிரே இருப்பவர் மனதில் முதலில் தோன்றும் சொல்லைத் திருப்பிச் சொல்லணும். எவ்வளவு நேரம் எடுத்தார் என்பதை விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை நிறுத்துகடிகாரத்தில் குறிப்பார். கல்வனாமீட்டரின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி ஓர் அளவுகோல் மேல் நகரும். எந்தச் சொல்லுக்குப் பதில் தாமதமாகி ஒளியும் அதிகமாக ஓடுகிறதோ, அங்கே அந்த மனிதருக்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். "ஏதோ ஒன்று" என்பதோடு கருவியின் வேலை முடிந்துவிடும். அது என்ன என்பதை அந்த மனிதரிடமே பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சில வருஷங்களில் யுங் இந்தச் சோதனைகளை விட்டுவிட்டு வேறு பாதையில் போய்விட்டார்.

இது எவ்வளவு உண்மை என்பதை நான் என் உடம்பிலேயே பார்த்தேன். போன வருஷம் லேப்பில் பிள்ளைகள் இந்தச் சுற்றைக் கட்டி முடித்ததும், "சார், நீங்க உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன். ஒரு பையன் தாளில் எழுதி வைத்திருந்த சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தான். சாவி. மழை. இட்லி. பரீட்சை. ஒன்றுமில்லை, முள் கொஞ்சம் நடுங்கியதோடு சரி. "லிஃப்ட்" என்றான். முள் கோடி வரை போய்த் தட்டி நின்றது. பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். வாசித்த பையன், "சார் எப்பவோ லிஃப்டுல மாட்டிக்கிட்டீங்க, அந்தப் பயம் உள்ளே இருக்கு" என்று அடித்துச் சொன்னான். நான் தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டேன். என் மனைவியை ஐந்தாவது மாடியிலிருந்து கடைசியாகக் கீழே கொண்டுவந்தது ஒரு மருத்துவமனை லிஃப்டில். ஸ்ட்ரெச்சர் கொஞ்சம் நீளம், கதவு இரண்டு முறை மூடாமல் திறந்துகொண்டது. முள்ளுக்குத் தெரிந்தது "இங்கே" என்பது மட்டும்தான். அதற்கு மேல் பையன் சொன்னது எல்லாம் அவனாகச் சேர்த்தது.

அந்தச் சேர்க்கை எப்போது ஒரு முறையாக மாறியது என்றால், 1950-களின் அமெரிக்காவில். உங்கள் வீட்டிலிருந்து எலிசபெத் ஊர் அரை மணி நேரம் இருக்குமா? சயின்டாலஜிக்கு முன்னால் ஹப்பார்ட் டயனெடிக்ஸ் என்ற மன வைத்திய முறையைப் பரப்பினார். அதற்கான முதல் நிறுவனம் 1950-ல் அங்கேதான் தொடங்கியது. டயனெடிக்ஸ் புத்தகத்தை அவர் எழுதியது உங்கள் கடற்கரைப் பக்கம் பே ஹெட் என்ற ஊரில். அதுவரை அவர் விஞ்ஞானக் கதை, சாகசக் கதை எழுதிக்கொண்டிருந்தவர். டயனெடிக்ஸ் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வந்ததும் ஒரு விஞ்ஞானக் கதைப் பத்திரிகையில்தான், 1950 மே மாதம். எதிரே உட்கார்ந்து பழைய நினைவுகளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் மனதின் அடைப்புகள் நீங்கும் என்பது முறை. அப்போது மீட்டர் கிடையாது.

அந்த வருஷம் ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஷ்ரைன் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன்னால், எல்லா அடைப்பும் நீங்கி முழு நினைவாற்றல் பெற்றவர் என்று ஓர் இளம்பெண்ணை ஹப்பார்ட் மேடையேற்றினார். கூட்டத்திலிருந்து கேள்வி கேட்டார்கள். ஹப்பார்ட் திரும்பி நிற்க, அவர் கட்டியிருந்த டையின் நிறத்தை அந்தப் பெண்ணால் சொல்ல முடியவில்லை. செப்டம்பரில் அமெரிக்க உளவியல் சங்கம், போதிய ஆதாரம் இல்லாததால் இந்த முறையை ஆய்வோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது. வாயால் சொல்வதை விட்டு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று தேவைப்பட்ட காலம் அது என்று நான் நினைக்கிறேன்.

அதைக் கொடுத்தவர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த வோல்னி மாத்திசன். கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் வைத்தியர். அவரும் கதை எழுதியவர். ஐம்பது வருஷமாகச் சோதனைச்சாலைகளில் இருந்த அதே சுற்றைப் பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடி வால்வு வைத்துப் பெட்டியாக்கி "எலெக்ட்ரோசைக்கோமீட்டர்" என்று பெயரிட்டார். 1952 வாக்கில் ஹப்பார்டின் ஆட்கள் அதை அமர்வுகளில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1954-ல் மாத்திசன் பெயரில் காப்புரிமை வந்தது. பிறகு இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, சில வருஷம் மீட்டர் இல்லாமலே நடந்தது. 1950-களின் கடைசியில் டிரான்சிஸ்டரும் பேட்டரியும் போட்ட சிறிய பெட்டியை ஹப்பார்டின் ஆட்களே தயாரித்தார்கள். அதுதான் ஈ-மீட்டர்.

இப்போது உங்களுக்குச் சொன்ன 0.5-க்கு வருகிறேன். ஹப்பார்ட் 1951-ல் ஓர் அட்டவணை வெளியிட்டார். 4 என்றால் உற்சாகம், 2.5 சலிப்பு, 1.5 கோபம், 1 பயம், 0.5 துக்கம், 0 சாவு. இந்த எண்கள் எந்தக் கருவியிலிருந்தும் வந்தவை இல்லை. அந்தப் பெட்டி அமர்வுக்குள் வருவதற்கு முன்பே தாளில் எழுதப்பட்டவை. பெட்டியில் ஒரு திருகு இருக்கும், அதில் 1 முதல் 6 வரை எண் இருக்கும். அதில் 2 என்றால் 5,000 ஓம், 3 என்றால் 12,500 ஓம். அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் 0.5 என்று ஓர் உணர்ச்சி அளவே கிடையாது அம்மா. அந்த எண் முள்ளிலிருந்து வரவில்லை. நீங்கள் ஒரு மணி நேரம் அழுதீர்கள், அவர் பார்த்தார், அழுகைக்கு அட்டவணையில் இருக்கும் எண்ணைச் சொன்னார்.

ஆற்றல் என்ற சொல்லும் அப்படித்தான். ஓடிய மின்சாரம் பேட்டரியுடையது. உங்களிடமிருந்து எந்த ஆற்றலும் பெட்டிக்குள் போகவில்லை. உங்கள் கை அங்கே ஒரு மின்தடை, வேறொன்றும் இல்லை. 1966-ல் ஹப்பார்டே தன் பெயரில் வாங்கிய காப்புரிமையின் தலைப்பு என்ன தெரியுமா? உயிருள்ள உடலின் மின்தடை மாற்றங்களை அளந்து காட்டும் கருவி. மனம் என்றோ ஆற்றல் என்றோ தலைப்பில் ஒரு சொல் இல்லை.

1963 ஜனவரி 4-ஆம் தேதி வாஷிங்டனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட மீட்டர்கள் பறிமுதல் ஆயின. வழக்கு வருஷக்கணக்காக நடந்தது. 1971-ல் கூட்டாட்சி நீதிமன்றம், இதை மதச் சடங்காக மட்டும் பயன்படுத்தலாம், எந்த நோயையும் கண்டறியவோ தீர்க்கவோ தடுக்கவோ இது மருத்துவ ரீதியாகவோ அறிவியல் ரீதியாகவோ பயன்படாது என்ற எச்சரிக்கை அதில் ஒட்டப்பட வேண்டும் என்றது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1965-ல் ஒரு விசாரணை அறிக்கைக்குப் பிறகு இதற்கு எதிராகச் சட்டமே போட்டது, பின்னாளில் அதை விலக்கிக்கொண்டது.

டம்ளரை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.


வாணி_எடிசன்:

சார், ரொம்ப நன்றி. உங்க பதிவை நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து படிச்சோம். லிஃப்ட் விஷயத்தைப் படிச்சப்ப அவர் எழுந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தார்.

நேத்து ராத்திரி பையன் தூங்கினப்புறம் செஞ்சு பார்த்தோம். டம்ளர் பிடிச்சதும் 38 கிலோ ஓம், கொஞ்ச நேரத்துல 31-ல நின்னுச்சு. அவர் கை தட்டினார், 27. மூச்சு இழுத்தேன், மறுபடி இறங்கிச்சு. என் போன் வைப்ரேட் ஆனதுக்குக்கூட இறங்கிச்சு. அப்புறம் அவரை ஏதாவது சொற்கள் சொல்லுங்கன்னேன். அப்பான்னார், இறங்கிச்சு, ஆனா நான் நினைச்ச அளவுக்கு இல்ல. அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டே போனார், சைக்கிள், மாங்காய், வேட்டின்னு. வேட்டிக்கு 22-க்குப் போயிடுச்சு.

அவருக்கு ஏன்னு புரியல. எனக்குத் தெரியும். கடைசியா ஊருக்குப் போனப்ப அப்பா ஒரு மயில்கண் கரை வேட்டி கேட்டாங்க. அடுத்த தடவை வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.

முள் பத்திப் புரிஞ்சிடுச்சு சார். ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது. அந்த ராத்திரி நான் தூங்கினேனே, அது எப்படி?


தேன்மொழி_ஆலோசகர்:

வாணி, நான் சென்னையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் தூங்கியது உண்மை. ஒரு வருஷமாக வாய் திறக்காதவர் ஒரு மணி நேரம் குறுக்கீடு இல்லாமல் பேசி அழுதிருக்கிறீர்கள். அந்தப் பயிற்சியாளரும் கடிகாரத்தைப் பார்க்காமல், "சரியாயிடும்" என்று அடக்காமல், கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த அளவுக்கு அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

சமனச்சுற்று ஐயா சொன்ன வரலாற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரலாறு ஓடுகிறது. 1880-களில் வியன்னாவில் மருத்துவர் யோசப் புரோயரிடம் வந்த ஓர் இளம்பெண், அப்பாவின் நோய்ப்படுக்கைக்குப் பக்கத்தில் இருந்து நொந்துபோனவர். தன் துயரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தனக்கு இலகுவாவதைப் பார்த்து, இதற்குப் "பேச்சு வைத்தியம்" என்று அவரே பெயர் வைத்தார். அதைப் புரோயரும் ஃபிராய்டும் 1895-ல் வெளியிட்டார்கள். பழைய நினைவைச் சொல்ல வைத்து அடைப்பை நீக்குவது என்ற எண்ணம் 1950-ல் புதிதில்லை. 1986-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம், மனதை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி எழுத வைத்தார். நடந்ததையும் உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவ நிலையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. கையில் டப்பா எதுவும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மாணவர்களுக்கு வருத்தம் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் இதமாக இருக்காது.

நம் ஊரில் ஒரு சாவு வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பதினாறாம் நாள் வரை வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள், "எப்படி ஆச்சு?" வீட்டில் இருப்பவர் அந்தக் கதையை முதலிலிருந்து முப்பது தடவை, நாற்பது தடவை சொல்வார். கேட்பவருக்குத் தெரிந்த கதையாக இருந்தாலும் சொல்ல விடுவார்கள். உங்களுக்கு அந்தக் கதை கிடைக்கவே இல்லை, வாணி. நீங்கள் போய்ச் சேரும்போது எல்லாரும் சொல்லி முடித்திருந்தார்கள்.

யாராவது தகுதி பெற்ற துக்க ஆலோசகரை உங்கள் ஊரிலேயே பாருங்கள். பல இடங்களில் ஹாஸ்பிஸ் எனப்படும் வலித்தணிப்பு இல்லங்கள் துக்கத்தில் இருப்பவர்களுக்கான குழுக்களை இலவசமாகவே நடத்துகின்றன. தூக்கம் இன்னும் திரும்பாவிட்டால் உங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.


கதிர்77:

சமனச்சுற்று சார், பட்டன்னு நான் எழுதினது தப்பு. திருத்திக்கிறேன். ஒரு சந்தேகம்: அப்ப தோல் மின்தடையை அளக்கிறதே வீணா?


சமனச்சுற்று:

வீண் இல்லை தம்பி. இன்றும் ஆய்வுக்கூடங்களில் தினமும் அளக்கிறார்கள். வெள்ளி, வெள்ளி குளோரைடு மின்முனையை விரலில் ஒட்டி, கை அசையாமல் வைத்து, அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு அளப்பார்கள். கையில் டப்பா கொடுத்து அளப்பதில்லை. ஒருவர் இறுக்கிப் பிடித்தாலே எல்லாம் கெட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். உடம்பு எவ்வளவு விழிப்போடு இருக்கிறது என்று அதில் தெரியும். பொய் கண்டறியும் பாலிகிராஃபிலும் இது ஒரு தடம். கோபமா காதலா என்று கேட்டால் அந்தக் கோடு பதில் சொல்லாது.

வாணி அம்மா, பணம் பற்றி நீங்கள் என்னைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கட்ட வேண்டாம். அவர் கெட்டவர் என்பதால் சொல்லவில்லை, அவர் அந்த எண்ணை மனதார நம்பலாம். பன்னிரண்டாவது நாள் உங்களுக்கு 3.5 வந்துவிட்டது என்று சொல்லப்போவது யார்? அவரேதான். வராவிட்டால் இன்னும் பன்னிரண்டு என்று சொல்லப்போவதும் அவர்தான். அளவுகோல் ஒரே ஆளின் கையில் இருக்கும் இடத்தில் நான் ஒரு ஈ.சி.ஜி. மெஷினைக்கூட வாங்கச் சொன்னதில்லை.


வாணி_எடிசன்:

சனிக்கிழமை வரலைன்னு அவருக்குச் சொல்லிட்டேன். அன்னிக்குக் கேட்டதுக்கு நன்றியும் சொன்னேன். ஒண்ணும் வற்புறுத்தல.

சனிக்கிழமை காலையில ஊர்ல சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அப்பா கடைசி மூணு நாளும் அவர்தான் கூட இருந்தார். "சித்தப்பா, எப்படி ஆச்சுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க"ன்னேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம், "நீ கேட்கவே இல்லையேம்மா, கேட்டா தாங்குவியோ என்னமோன்னு நானும் சொல்லல"ன்னார். ஒண்ணேமுக்கால் மணி நேரம் பேசினோம். வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பா ரசம் சாதம் கேட்டது, மின்விசிறியைக் குறைக்கச் சொன்னது, எல்லாம். வேட்டியைப் பத்தி நானே சொன்னேன். "அவன் அலமாரியில பிரிக்காம நாலு வேட்டி இருந்துச்சும்மா, சும்மா உன்கிட்ட கேட்கணும்னு கேட்டிருப்பான்"னார்.

தேன்மொழி மேடம், பக்கத்து ஊர்ல ஒரு துக்கக் குழு வியாழக்கிழமைதோறும் நடக்குதாம். இந்த வாரம் போறேன்.

சார், ஒரு சின்ன உதவி. டம்ளர் சோதனை பத்தி என் பையனுக்குத் தெரிஞ்சுடுச்சு. ஏழாவது படிக்கிறான். ஸ்கூல் சயின்ஸ் புராஜெக்டுக்கு அந்தச் சுற்றைக் கட்டணுமாம். எப்படின்னு சொல்வீங்களா?


சமனச்சுற்று:

கட்டாயம் சொல்கிறேன். தம்பிக்கு என் அன்பு.

1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும், 9 வோல்ட் வேண்டாம். 10 கிலோ ஓம் மின்தடை இரண்டு, இவை மேல் கரங்கள். கீழ்க் கரம் ஒன்றில் 50 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், இன்னொன்றில் இரண்டு டம்ளர். நடுவில் கல்வனாமீட்டருக்குப் பதில் டிஜிட்டல் மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைக்கட்டும். டம்ளரைப் பிடித்தபின் வால்யூமைத் திருகிச் சுழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, கையை மேஜை மேல் அசையாமல் வைத்துக்கொள்ளணும். பிறகு ஒருவர் சொற்களை வாசிக்க, எந்தச் சொல்லுக்கு எத்தனை மில்லிவோல்ட், எத்தனை விநாடி கழித்து என்று மூன்றாவது ஆள் எழுதட்டும். மூச்சு இழுத்தால், இருமினால், அதையும் எழுதணும். மறைக்கக் கூடாது.

இரண்டு விஷயம் கண்டிப்பு. சுவர் பிளக்கிலிருந்து வரும் எதையும், சார்ஜர் அடாப்டர் உட்பட, இதில் இணைக்கவே கூடாது, பேட்டரி மட்டும்தான். இன்னொன்று, உட்காருகிறவர் ஏன் அந்தச் சொல்லுக்கு முள் ஓடியது என்று சொல்ல விரும்பினால் சொல்லட்டும். விரும்பாவிட்டால் யாரும் கேட்கக் கூடாது என்று புராஜெக்ட் தாளிலேயே முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள்.

வால்யூம் கன்ட்ரோல் 50 கிலோ கிடைக்காவிட்டால் 100 கிலோ போடலாம், திருகும்போது கொஞ்சம் நிதானம் வேணும்.